நின்று நின்று ஓடிய கல்யாணம்

என் மைத்துனன் கல்யாணத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை. கோபம் தாபம் ஒன்றும் கிடையாது. மனைவிக்கு வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. தேர்வாய் கண்டிகையில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, இறங்கியாகிவிட்டது என்று நினைத்து, மிச்சமிருந்த ஒரு படியை மறந்துவிட்டாள். ஆறு வாரத்துக்குக் காலை மடக்கவே கூடாது என்றார் டாக்டர். கல்யாணம் நான்காவது வாரம், பெண் வீட்டார் ஊரான ஆர்.கே.பேட்டையில்.

மடக்காத காலோடு அவளை எந்தக் காரில் ஏற்றிப் பார்த்தாலும் கதவு சாத்த முடியாது. "ஆம்புலன்ஸ் புடிங்க, படுத்துக்கினே போறேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, நம்பரே தேடி வைத்திருந்தாள். மாமனாருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "மாப்ள, முகூர்த்த நேரத்துல சைரன் போட்டுக்கினு வண்டி வந்து நின்னா, பொண்ணு ஊட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவள் ஏன் அப்படித் துடித்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தாலி கட்டும்போது மாப்பிள்ளை ஒன்றிரண்டு முடிச்சு போடுவான். கடைசி முடிச்சு, மூன்றாவது முடிச்சு, மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பின்னால் நின்று போடவேண்டியது. நாத்தனார் முடிச்சு என்பார்கள். என் மைத்துனனுக்கு ஐந்து வயதில் அம்மா போய்விட்டாள். அப்போது இவளுக்குப் பதினாறு. அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் இவள்தான். அவன் கல்யாணத்தில் அந்த முடிச்சைப் போடுவது தன் கைதான் என்று எனக்குத் தெரிந்து இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த முடிச்சு அவளுடைய சித்தப்பா மகள் கைக்குப் போயிற்று. இவளும் அந்தச் சித்தப்பா மகளும் ஏழு வருடமாகப் பேசுவதில்லை. காரணம், அந்தம்மாள் தன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நேரில் வந்து பத்திரிகை வைக்காமல் போனில் படமாக அனுப்பிவிட்டாள். "பத்திரிகைய போன்ல அனுப்புச்சா, நாங்களும் போன்லயே சாப்டுக்கிறோம்" என்று இவள் பதில் போட்டாள். அன்றோடு சரி.

"எவ வேணா போடட்டும். ஆனா போடும்போது நான் பாக்கணும்" என்றாள் என்னிடம். கல்யாணத்தை வீடியோக்காரர் இன்டர்நெட்டில் நேரலையாக விடுவதாக ஏற்பாடு. சத்தம் மட்டும் வராது. மண்டபத்தில் ஓடும் சினிமாப் பாட்டு நேரலையில் கேட்டால் படத்தையே நிறுத்திவிடுவார்களாம், அதனால் சத்தத்தை அடைத்துவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்புறமாகப் பதிவில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாமே என்றேன். "அப்பறம் பாக்குறதுக்கு ஆல்பம் போதும். எனக்குக் கட்டும்போது பாக்கணும்" என்றாள். "கவலைப்படாதே, ஒரு விக்கல் இல்லாமல் காட்டுகிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என் பழக்கம்.

நான் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஒரு ரோலிங் மில்லில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ். தகதகவென்று வரும் இரும்புப் பாளம் உருளைகளுக்கிடையில் ஓடிக் கம்பியாக வெளியே போகிற இடம். அதை நிற்காமல் ஓட வைக்கிறவனுக்கு இன்டர்நெட் படத்தை டிவிக்குக் கொண்டுவர அதன் பின்னால் செருகிய கட்டைவிரல் பருமன் ஸ்டிக் எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

சோதனைக்கு மைத்துனனின் நிச்சயதார்த்த வீடியோவைப் போட்டோம். அதே வீடியோக்காரர் இன்டர்நெட்டில் ஏற்றியது. மைத்துனன் லட்டை எடுத்துப் பெண்ணின் வாயருகே கொண்டுபோனான். படம் நின்றது. நடுவில் வட்டம் சுற்றியது. பெண் வாயைத் திறந்தபடி லட்டுக்குக் காத்திருந்தாள். ஒரு நிமிடம் கழித்து, நான் பொறுக்காமல் படத்தைத் தள்ளிவிட்டு ஓட்டியபோது லட்டும் தின்று தண்ணீரும் குடித்துவிட்டிருந்தாள்.

எங்கள் மில்லில் எந்த மிஷின் நின்றாலும் 'ஏன்' தாள் ஒன்று எழுதவேண்டும். ஏன் நின்றது, அது ஏன், அதுவும் ஏன் என்று ஐந்து முறை கேட்டால் நிஜக் காரணம் வந்துவிடும் என்பது எங்கள் மேனேஜரின் நம்பிக்கை. வீட்டிலும் ஒரு தாளை எடுத்து பீரோ கதவில் ஒட்டினேன். படம் ஏன் நிற்கிறது, ஸ்டிக் சூடாகிறது. ஏன் சூடாகிறது, காற்று இல்லை. உடனே மனைவி பக்கம் இருந்த டேபிள் ஃபேனைத் தூக்கி டிவியின் பின்பக்கம் திருப்பி வைத்தேன். ஸ்டிக் ஜில்லென்று ஆனது. மாவுக்கட்டுக்குள் அரிப்பெடுத்து மனைவி தோசைக் கரண்டிக் காம்பை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள். லட்டு வாயருகே நின்றது.

அடுத்தது வோல்டேஜ். எஸ்டேட்டில் இரும்பு உருக்கும் உலைகள் கரண்டை இழுப்பதால்தான் படம் இழுக்கிறது என்று எழுதி, பரணிலிருந்து பழைய ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரை இறக்கி ஸ்டிக்குக்குப் போட்டேன். விரல் அளவு பொருளுக்கு அண்டா அளவு ஸ்டெபிலைசர், அது டொக் டொக் என்று அடித்துக்கொண்டிருந்தது. லட்டு நின்றது.

மூன்றாவது, வைஃபை பெட்டி. அது இருந்தது முன்னறை மூலையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால். இரும்பு சிக்னலைத் தின்றுவிடும். வீட்டின் நடுமையத்தில், தரைக்கு மேலே, சுற்றிலும் இரும்பு இல்லாமல் வைக்கவேண்டும். நடுமையத்தில் இருந்தது ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு கொக்கிதான். எங்கள் மகள் குழந்தையாக இருந்தபோது தூளி கட்டியது. மனைவியின் பழைய பருத்திப் புடவையைக் கட்டி, பெட்டியை உள்ளே படுக்க வைத்தேன். காற்றடித்தால் லேசாக ஆடியது.

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்தாள். எங்கள் லைன் வீட்டில் ஆறு குடும்பம். அந்த ஆறுக்கும் சேதி அனுப்புகிறவள் அவள்தான். "இன்னா நைனா, தூளி கட்டிக்கீற. பொண்ணு காலேஜ் போற வயசுல" என்றாள். வைஃபைக்கு என்றேன். "தூங்குதா" என்று கேட்டாள். அன்று சாயங்காலமே தூளியைப் பார்க்க எல்லோரும் வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் சும்மா போகவில்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சொன்னதோடு விடாமல் தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து நிச்சயதார்த்தத்தைப் பார்த்தார்கள். யார் எப்போது சிரிப்பார்கள், எந்த மாமா எப்போது தட்டைத் தவற விடுவார் என்பது மொத்த லைனுக்கும் மனப்பாடம். லட்டு வரும் இடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அது நிற்கும். "ச்சு" என்பார்கள்.

இரண்டாவது நாளே மனைவி சொன்னாள். "இன்னாங்க, இவங்கல்லாம் போனப்பறம் நல்லாத்தான் ஓடுது." நான் 'ஏன்' தாளைப் பார்த்தேன். அதில் அப்படி ஒரு வரி இல்லை. "நீ சும்மா இரு, காலைப் பார்த்துக்கொள்" என்றேன். பதினைந்து நாளாக அசையாமல் படுத்துக்கொண்டு ஒரே இடத்தைப் பார்க்கிறவளுக்குத் தெரிந்தது, ஓடி ஓடி ஒயரைப் பிடுங்கிய எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் என் மண்டையில் ஏறியது. சாயங்காலம் வழக்கம்போலக் கூட்டம். லட்டு நின்றது. நான் டிவியின் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்த்தேன். உட்கார்ந்திருந்த அத்தனை பேர் கையிலும் போன். ஒவ்வொரு போனிலும் அதே நிச்சயதார்த்தம். "உங்க டிவில நிக்கிறப்ப எங்க போன்ல ஓடுதான்னு பாக்குறோம் நைனா. உனக்கு ஒத்தாசைக்குத்தான்" என்றாள் எதிர்வீட்டு அக்கா. அந்த அக்கா கையில் இருந்தது பட்டன் போன். அதில் ஒன்றும் ஓடாது. ஆனால் என் வைஃபை பாஸ்வேர்டை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, அவரவர் வீட்டிலிருந்தே படம் பார்க்கத் தூளி கட்டுவதற்கு முன்பிருந்தே கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். பத்துப் பேருக்கு வைத்த சோற்றை நூறு பேருக்குப் பரிமாறிவிட்டு, என் பங்கு எங்கே என்று ஸ்டிக் முழித்துக்கொண்டிருந்தது.

பாஸ்வேர்டை மாற்றினால் போதும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது மில்லின் முறை. மிஷினில் கை வைப்பதற்கு முன் மெயினை அணைத்து, பூட்டு போட்டு, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள், சுவிட்ச் போடாதே' என்று சிவப்பு அட்டை மாட்டி, சாவியை நம் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடியும்வரை மேனேஜரே வந்து கேட்டாலும் சாவி கிடையாது. உயிர் காக்கிற சட்டம் அது, அதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கல்யாணத்தன்று காலையில் லைன் மொத்தமும் குளித்துப் பட்டுக் கட்டிக்கொண்டு எங்கள் முன்னறைக்கு வந்தது. கல்யாணத்துக்குப் போக முடியாதவளுக்குத் துணையாக வந்தார்கள், அது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எதிர்வீட்டு அக்கா ஒரு தட்டில் மஞ்சள் அரிசி கலந்து கொண்டுவந்து எல்லோர் கையிலும் கொடுத்தாள், டிவியின் மேல் போடுவதற்கு. மனைவி கல்யாணத்துக்கு என்று எடுத்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு, காலை ஸ்டூலில் நீட்டி, பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் எல்லோர் போனையும் வாங்கி, அணைத்து, பீரோவுக்குள் அடுக்கினேன். எங்களுடையதும் சேர்த்து மொத்தம் பதினொன்று. எதிர்வீட்டு அக்கா, "இதுல நெட்டே இல்லியே நைனா" என்றாள். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று அதையும் வாங்கினேன். மனைவியுடையதும் என்னுடையதும் உள்ளே போயின. "அவன் எதுனா போன் பண்ணா" என்றாள் மனைவி. "தாலி கட்டுகிறவன் உனக்கு ஏன் போன் பண்ணப் போகிறான்" என்றேன். பீரோவைப் பூட்டி, கைப்பிடியில் சிவப்பு அட்டையை மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

படம் தண்ணீர் மாதிரி ஓடியது. ஒரு சுற்று இல்லை, ஒரு நிற்பு இல்லை. மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றுவது, தாத்தாவோடு முந்தின நாளே போயிருந்த எங்கள் மகள் பட்டுப்பாவாடை தாவணியில் மேடையில் இங்கும் அங்கும் போவது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. லைனே என்னைப் பார்த்தது. தூளியில் கையை விட்டுப் பெட்டி சூடாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், பெருமைக்குத்தான். மைத்துனன் தாலியை எடுத்தான். முதல் முடிச்சு போட்டான். இரண்டாவதும் போட்டான். சித்தப்பா மகள் பின்னால் வந்து நின்றாள். மனைவியின் கை ஸ்டூல் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

அப்போது படம் நின்றது.

திரை முழுக்கப் பெண்ணின் பின்கழுத்தும் மைத்துனனின் இரண்டு கையும். கயிற்றின் நுனியைப் பிடித்தபடி கை அப்படியே நின்றது. "போச்சு, மாட்டிக்கிச்சு" என்றாள் எதிர்வீட்டு அக்கா. வட்டம் சுற்றவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. ஓடிப்போய் ஸ்டிக்கைப் பிடுங்கிச் செருகினேன். அது மெதுவாகக் கண் விழித்து, என்னென்னவோ விளம்பரம் காட்டி, மறுபடி கல்யாணத்துக்கு வந்தது. அதே கழுத்து, அதே கை. ஸ்டெபிலைசரைத் தட்டினேன். ஃபேனை இன்னும் கிட்டே தள்ளினேன். அதே கை. மனைவியைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வாக்குக் கொடுத்தவன் நான்தானே. தூளிக்குள் கையை விட்டு வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடித்தேன்.

"கைய வெக்காதீங்க" என்றாள் மனைவி. "நிக்கல. பொகை போய்க்கினு இருக்குது பாருங்க."

பார்த்தோம். ஓமப் புகை கழுத்தைத் தாண்டி மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது. படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நின்றது கல்யாணம்.

கேமரா பின்னால் நகர்ந்தது. மேடை முழுக்கத் தெரிந்தது. ஐயர் கையை ஆட்டி ஏதோ கத்துகிறார். மாமனார் காதில் போன். பெண்ணின் அப்பா காதில் போன். சித்தப்பா மகள் காதிலும் போன். எங்கள் மகள் ஒரு போனை வைத்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்து, இன்னொரு கையின் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் காதோரம் வைத்து ஆட்டினாள். மொத்தக் கல்யாணமும் எங்கள் முன்னறையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் கையில் மஞ்சள் அரிசியோடு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு எல்லோரும் சேர்ந்து பீரோவைப் பார்த்தோம்.

சட்டைப் பையில் கை விட்டேன். சாவி இல்லை. தூளியில் குனிந்தபோது விழுந்திருக்கவேண்டும். பெட்டிக்கடியில், புடவை மடிப்பில் கிடந்தது. அதற்குள் பத்துப் பேர் என்னைத் திட்டிவிட்டார்கள், ஒருவர் தெலுங்கில். பீரோவைத் திறந்ததும் ஆளாளுக்குப் பாய்ந்து தங்கள் போனை எடுத்தார்கள். முதலில் உயிர் வந்தது எதிர்வீட்டு அக்காவின் பட்டன் போனுக்குத்தான். மனைவிக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் தம்பியுடையது. அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

மகள் எடுத்து அவன் காதில் வைத்திருக்கவேண்டும். "க்கா, எங்கக்கா போயிட்ட. பத்து நிமிசமா அடிக்கிறோம். எல்லா போனும் ஆஃப்ல கீது. உனக்கு இன்னாமோ ஆயிருச்சுன்னு" என்றான். குரல் உடைந்திருந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆவல. நீ இன்னாடா பண்ணிக்கினு கீற, முகூர்த்தம் போவுது."

"அது உன் முடிச்சுக்கா. நீ சொல்லாம யாரையும் போட உடமாட்டேன். ஐயரு திட்றாரு. திட்டட்டும். நீ சொல்லு."

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நேரலை அரை நிமிடம் பின்னால் ஓடும். அதனால் திரையில் எங்கள் மகள் இன்னும் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"போன அவகிட்ட குடு" என்றாள் மனைவி.

"எவகிட்ட?"

"அவகிட்டத்தான்டா."

போனில் மேளச்சத்தமும் யாரோ இருமுவதும் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், "ம்" என்றது. ஏழு வருடத்துக்குப் பிறகு இரண்டு பேருக்கும் நடந்த முதல் பேச்சு அந்த "ம்"தான்.

"நல்லா இறுக்கிப் போடு. நான் போட்டா எப்பிடிப் போடுவேன், அப்பிடி" என்றாள் மனைவி. கொஞ்சம் நிறுத்தி, "அப்பறமா ஊட்டுக்கு வா. நேர்ல வந்து கூப்புட எனக்குக் கால் இல்ல" என்றாள்.

இப்போதுதான் திரையில் மகள் போனை மாமன் காதில் வைத்தாள். அவன் பேசுவது தெரிந்தது. கேட்பது தெரிந்தது. ஒரு கையால் கயிற்றை விடாமல், காதில் போனோடு, இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிய அவன் தலையை ஆட்டினான். போன் சித்தப்பா மகளிடம் போனது. அவள் கேட்டாள், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், மூக்கை உறிஞ்சினாள், கயிற்றைக் கையில் வாங்கினாள், குனிந்தாள்.

அதற்குள் முன்னறையில் பத்து போனும் கண் விழித்து, பாஸ்வேர்ட் ஞாபகத்தோடு என் வைஃபையில் ஏறிவிட்டிருந்தன. கயிற்றில் விரல் வைத்தபடி சித்தப்பா மகள் நின்றாள். நடுவில் வட்டம் சுற்றியது. இந்த முறை நிஜமாகவே படம்தான் நின்றது.

நான் தூளியை நோக்கி ஓடினேன். "உடுங்க" என்றாள் மனைவி. பட்டன் போனை உயரத் தூக்கிப் பிடித்தாள். அதில் கெட்டிமேளம் கேட்டது. எதிர்வீட்டு அக்கா முதல் பிடி அரிசியைப் போட்டாள். பிறகு எல்லோரும், நின்ற படத்தின் மேலேயே போட்டோம். டிவியின் பின்னால் ஓடிய ஃபேன் பாதி அரிசியைத் திருப்பி எங்கள் மேலேயே போட்டது.

மூன்றாம் நாள் மைத்துனன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். பின்னாலேயே சித்தப்பா மகள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பீரோவில் சிவப்பு அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் படித்துவிட்டு மைத்துனன் என்னைப் பார்த்தான்.

மனைவி புதுப்பெண்ணைக் கிட்டே கூப்பிட்டுத் திரும்பி உட்காரச் சொன்னாள். கூந்தலை ஒதுக்கி, பின்கழுத்தில் விரலால் தடவி மூன்றாவது முடிச்சைத் தேடி எடுத்தாள். வாசலில் நின்றவள் மூச்சு விடாமல் பார்த்தாள்.

"நல்லாத்தான் போட்டுக்கீற. உள்ள வா" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு, அந்த முடிச்சைத் தானும் ஒரு தரம் இழுத்து இறுக்கினாள்.